பார்க்கும் உரிமை

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் கால் வைக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். நான் ஒரு கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன். இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பட்டம் வாங்கி டோக்கன் கொடுக்கிறாயா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்று அப்பா வைத்த பெயர் குருவி. அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் குருவி நிறையவே உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் விண்ணப்பித்திருக்கும் கல்லூரி ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது. எடுத்துக்கொண்டால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுக்காவிட்டால், சலவைக்கூடத்தில் ஆள் தேவைப்படுகிறது என்று அம்மாவே விசாரித்து வைத்திருக்கிறாள். மதிப்பெண் போயாயிற்று. கட்டுரை போயாயிற்று. இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், ஒன்று போயாயிற்று. இன்னொன்று கணக்கு வாத்தியார் எழுத வேண்டியது. இன்று மாலை ஆறு மணிக்கு விண்ணப்பக் கதவை மூடிவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் என்றால் வாத்தியார் எழுதி, உறையில் போட்டு, நம் கையில் கொடுப்பார், நாம் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. கல்லூரியின் இணையதளத்தில் வாத்தியாரின் ஈமெயிலை நாம் எழுத வேண்டும். தளம் அவருக்கு ஒரு லிங்க் அனுப்பும். அவர் அதைத் திறந்து, கடிதத்தை ஏற்றி, நேராகக் கல்லூரிக்கே அனுப்புவார். தளத்தில் நம் விண்ணப்பப் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே ‘காத்திருக்கிறது’ என்று இருப்பது ஒருநாள் ‘வந்து சேர்ந்தது’ என்று மாறும். அதுவரை நாம் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனை நாளும் குருவிதான் பார்த்துச் சொன்னாள். இன்னும் காத்திருக்கிறது, இன்னும் காத்திருக்கிறது என்று. இன்று வியாழக்கிழமை. காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது நானே அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

கணக்கு வாத்தியார் பெயருக்கு எதிரே ‘மறுத்துவிட்டார்’ என்று இருந்தது. தேதி, திங்கட்கிழமை.

“மூணு நாளாச்சு,” என்றேன்.

குருவி சீப்பை வைக்கவில்லை.

“உன்னைத்தான் கேக்கறேன். மூணு நாளா எங்கிட்ட என்ன சொல்லிக்கிட்டிருந்த?”

“சொன்னா நீ ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவ.”

“போடாம?”

“அதான் சொல்லல.”

மறுத்ததற்கு ஒரு வரி காரணமும் போட்டிருந்தார். மாணவி கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்காததால் என்னால் எழுத இயலாது.

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏனென்றால் அதை விட்டுக்கொடுக்காதது குருவி இல்லை. நான்.

லிங்க் அனுப்புவதற்கு முன்னால் தளம் ஒரு கேள்வி கேட்டது. ஆசிரியர்கள் உங்களைப் பற்றி எழுதும் கடிதத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறீர்களா? குருவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை விட்டுக்கொடுத்தாயிற்று. அப்பாவின் வலது கையில் இரண்டு விரலை எந்திரம் எடுத்துக்கொண்டபோது, கம்பெனியிலிருந்து ஒரு தாளோடு இரண்டு பேர் வந்தார்கள். விசாரணை அறிக்கையைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தாளில் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பதினைந்து வயது. படித்துவிட்டு, “சும்மா ஒரு ஃபார்ம்தான்ப்பா,” என்றேன். அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார். அந்த எந்திரத்தில் என்ன கோளாறு, அது யாருக்கு முன்பே தெரியும் என்பது அந்த அறிக்கைக்குள் இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறமும் நான் ஓர் உரிமையை விட்டுக்கொடுப்பேனா?

கண் மருத்துவமனையில் அரை நாள் லீவு கேட்டேன். உங்க வீட்ல வாரத்துக்கு ஒரு அவசரம் வருது, அதுக்கு ஒரு டோக்கன் போட்டு வச்சுக்க என்றார் மேலாளர். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூடத்தில் கல்லூரி விண்ணப்பங்களுக்கென்றே ஒரு ஆலோசகர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை அனுப்பியாயிற்று என்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுற்றறிக்கை. கண்ணாடிக் கதவு, மேஜைமேல் டிஷ்யூ பெட்டி, சுவர் முழுக்கக் கடைசித் தேதிகள். இன்றைய தேதியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்.

வேறு வாத்தியாரைப் போடலாமா என்று கேட்டேன். முடியாது; கணக்குப் படிப்புக்குப் போகிறவள் என்பதால் ஒரு கடிதம் கணக்கு வாத்தியாருடையதாக இருந்தாக வேண்டும், குருவிக்கு இரண்டு வருஷமாக அவர் ஒருவர்தான். டிக்கை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அதுவும் முடியாது; ஒரு ஆசிரியரின் கடிதம் வந்து சேர்ந்த நிமிஷமே அந்தப் பதில் பூட்டிக்கொள்ளும். இயற்பியல் மிஸ் போன வாரமே அனுப்பிவிட்டார்.

“இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்மா,” என்றார் ஆலோசகர். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். “உரிமையை விட்டுட்டோம்னு டிக் போட்டுடுவாங்க. பிள்ளை பாக்காதுன்னு தெரிஞ்சாதான் வாத்தியார் மனசுல உள்ளதை எழுதுவார். காலேஜும் அதைத்தான் நம்பும்.”

“எந்த எல்லாருக்கும்?”

அவர் சுவரிலிருந்த தேதிகளைப் பார்த்தார்.

“எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. எங்க தெருவுலயும் யாருக்கும் தெரியாது. நான் காலேஜ் போன வருஷம் இப்படி ஒரு லெட்டர் இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச எல்லாரும் எந்தத் தெருவுல இருக்காங்கன்னு சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் அழவில்லை. அழுவேன் என்று அவரே முடிவுசெய்துகொண்டதுதான் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று எனக்கு உள்ளூரத் தெரிந்தது. நாங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காததால், கடிதம் வந்து சேர்ந்ததும் குருவியின் விண்ணப்பப் பக்கத்திலேயே அதைத் திறந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் மிஸ்ஸின் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்து, தமிழில் சொன்னேன். ஒழுக்கமான மாணவி, நேரத்துக்கு வருவாள், நன்றாகப் படிப்பாள். யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடக்கூடிய சட்டை. அம்மா அதையே இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

வாத்தியார் சம்மதித்தால் மறுபடி லிங்க் அனுப்பித் தருவதாக ஆலோசகர் சொன்னார். மணி இரண்டேகால்.

கணக்கு வாத்தியாரைப் பிள்ளைகள் கோடு சார் என்பார்கள். வகுப்புக்குள் வந்ததும் பலகையில் நேராக ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாராம். மாடியில் கடைசி அறையில் தனியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவே இல்லை. எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

படியேறும்போதே நான் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் எழுதுவதை நாங்கள் பார்க்கக் கூடாதென்றால் அப்படி என்ன எழுதப் போகிறீர்கள், உங்களுக்கு உங்கள் கொள்கை பெரிது, ஒரு பெண்ணின் படிப்பு சின்னது. எனக்கு மூச்சு வாங்கியபோது அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார்.

“கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார். “அந்தக் காரணத்தைப் போட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க. அதான் போட்டேன்.”

“அப்ப நிஜக் காரணம்?”

அவர் மேஜையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு காலியாக இருந்தது.

“உங்க அப்பா போன அன்னைக்கு இவங்க வகுப்புக்கு என் பரீட்சை. ஃபோனெல்லாம் வாங்கி இந்தத் தட்டுலதான் வைப்பேன். உங்க தங்கச்சி ஃபோன் அதிர்ந்துகிட்டே இருந்துது. அப்பான்னு வந்துது. மூணு தடவை விட்டுட்டேன். மத்த பிள்ளைங்க நிமிர்ந்து பாக்குதுங்க. நாலாவது தடவை நான் அணைச்சுட்டேன்.”

வெளியே யாரோ மணியடித்தார்கள். வகுப்புகள் மாறும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது.

என் அப்பா வீட்டில் தனியாக இருந்தபோது செத்துப்போனார். மாரடைப்பு. மத்தியானம் அம்மாதான் முதலில் பார்த்தாள். அன்றிலிருந்து துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஒரே நொடி. யாரையும் கூப்பிடக்கூட நேரமில்ல. கஷ்டப்படாம போயிட்டார். அவள் சாப்பிடுவதும் தூங்குவதும் வேலைக்குப் போவதும் அந்த மூன்று வாக்கியத்தின் மேல்தான்.

நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

சாவு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அப்பாவின் ஃபோன் எங்கே, எனக்குக் கொடு என்று குருவி கேட்டுக்கொண்டே இருந்தது இப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்திருந்தேன். அதிலிருந்த அழைப்புகளை அழிக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

“அவளுக்குத் தெரியும்,” என்றார் வாத்தியார். “பரீட்சை முடிஞ்சு ஃபோனை எடுத்தப்பவே பாத்துட்டா. பத்து நாள் கழிச்சு வந்தா. முதல் பெஞ்சுல எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காந்தா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலம்மா. அந்த வருஷம் மார்க்கு சரிஞ்சுதே, காலேஜ்ல ஏன்னு கேப்பாங்க. நான் சொல்ல வேண்டியது அதுதான். அதை விட்டுட்டு அவளைப் பத்தி நான் என்ன எழுதினாலும் பொய். அதை எழுதினா உங்க அம்மா பாப்பாங்க.”

எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் திட்ட ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. பரீட்சையில் ஃபோனை அணைப்பது வாத்தியார் வேலை. பரீட்சை எழுதுவது குருவி வேலை. சலவைக்கூடத்தில் ஃபோனைப் பெட்டியில் பூட்டி வைப்பது அம்மாவின் வேலை விதி. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம்.

“நீங்க யாரும் திறந்து படிக்க மாட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார். “இப்பவே எழுதறேன்.”

சரி என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயில் வந்துவிட்டது. ஆனால் அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டதுதான் கண்முன் நின்றது.

“என்னால அதைச் சொல்ல முடியாது சார். படிப்போமா மாட்டோமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு எப்படி வாக்குக் கொடுக்கறது? நீங்க உண்மையை எழுதுங்க. படிச்சா, படிச்சவங்க பாத்துக்கறோம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு விடைத்தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

மறுபடி லிங்க் வந்தபோது மணி மூன்று. நான் வராந்தாவில் நின்றுகொண்டேன். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். இரண்டே விரலால் தட்டினார். தட்டுவார், நிறுத்துவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆலோசகர் இரண்டு தடவை மாடியேறி வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் குருவி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

“சொல்லிட்டாரா?”

“சொன்னார்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்க நினைத்து, கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போட்டிருப்பேன்.

“உன்னையும் கூப்பிடல, அம்மாவையும் கூப்பிடலக்கா,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நாலும் எனக்குத்தான். ஏன்னா நான்தான் எப்பவும் எடுப்பேன்.”

நான் அவள் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பை கனமாக இருந்தது.

“அம்மாகிட்ட சொல்லாத.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“நான் சொல்ல மாட்டேன்டி.”

ஐந்து இருபதுக்கு அவர் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். குருவியின் ஃபோனில் ‘வந்து சேர்ந்தது’ என்று மாறியது. நான் கதவைத் திறந்து நன்றி சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். குருவி உள்ளே போகவில்லை; வாசலிலேயே நின்று, “தேங்க்ஸ் சார்,” என்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பாரென்று குருவியும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. குருவி ஜன்னல் பக்கம். ஆறு மணி தாண்டியபோது அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பெரிய கதவு ஒன்று மூடுவதற்கு முன்னால் அவள் விண்ணப்பம் உள்ளே நுழைந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சாவு வீட்டிலிருந்து திரும்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சலவைக்கூடத்து மருந்து வாசனை இன்னும் அவள் மேல் இருந்தது. கால் வீங்கியிருந்தது, முக்காலி மேல் தூக்கி வைத்திருந்தாள். கணக்கு வாத்தியார் கடிதம் போய்விட்டது என்று குருவி சொன்னதும் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“படி,” என்றாள்.

அலைந்துவிட்டு வந்திருக்கிறோம், நாளைக்குப் படிக்கலாம் என்றேன். நெட் சரியில்லை என்றேன். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அம்மா சிரித்தாள்.

“இதுவரைக்கும் இந்த வீட்டைப் பத்தி எவன் எழுதினாலும் அது நோட்டீஸாத்தான் இருந்துது. இப்பதான் ஒரு மனுஷன் நல்லதா எழுதியிருக்கார். நீதானடி பாக்கற உரிமை வேணும்னு டிக் போட்ட? போட்டுட்டு இப்ப நெட் இல்லைங்கற.”

“நான் படிக்கறேன்மா,” என்றாள் குருவி.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஃபோனில் கடிதத்தைத் திறந்து, கட்டை விரலைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

இங்கிலீஷில் இருந்ததைக் குருவி தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். முப்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இவளைப்போல ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை. விடை வந்துவிட்டது என்பதற்காக நிறுத்த மாட்டாள், வேறு வழியும் இருக்கிறதா என்று தேடுவாள். அதெல்லாம் அங்கே இருந்தது. நான் பார்த்தேன்.

அடுத்த பத்தி, என் பரீட்சை நாளன்று காலை பத்து நாற்பதுக்கு, என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் தெரியாதபடி குருவி விரலால் மறைத்திருந்தாள். நிறுத்தாமல், அதே குரலில், “இவளை உங்கள் கல்லூரியில் சேர்த்துக்கொண்டால் நீங்கள் பெருமைப்படுவீர்கள், இப்படிக்கு,” என்று முடித்தாள். அப்படி ஒரு வரி அங்கே இல்லவே இல்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூக்கு சிவக்கும், சிவந்திருந்தது. அந்த வாத்தியார் நல்லா இருக்கணும் என்றாள். குருவியின் தலையைத் தடவினாள். தடவிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது. ஆனால் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிறவள். எது எவ்வளவு நீளம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

“விரலை எடு,” என்றாள். “அதுக்குக் கீழ இன்னும் நெறைய இருக்கே.”